கிழிப்பதற்கு ஒரு பட்டியல்

பட்டியலில் முதல் வரி, தீபாவளிப் பட்டாசுக் கடைக்குத் தற்காலிக உரிமம் கேட்ட மனு. 2019-இல் முடித்தது, மூ.மு. அடுத்த வரியும் அதேதான், ஆள் மட்டும் வேறு. அதற்கடுத்தது ஏதோ ஓர் அலுவலகத்துக்கு மேசை நாற்காலி வாங்கிய விவகாரம். பதிவறை எழுத்தர் கோப்பை எடுத்து அட்டையில் உள்ள எண்ணைச் சத்தமாகப் படிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் உதவியாளர் பட்டியலில் பென்சிலால் டிக் அடிக்கிறார். சரிபார்த்த கோப்பு தரையில் விரித்த சாக்கின் மேல் விழுகிறது.

தென்மாவட்டம் ஒன்றின் ஆட்சியர் அலுவலகம். காலக்கெடு முடிந்த கோப்புகளை அழிப்பதற்கு முன்னால் நடக்கும் கடைசிச் சரிபார்ப்பு இது. பார்க்க வேண்டும் என்று அனுமதி கேட்டபோது எழுத்தருக்கு ஆச்சரியம். “இதுல பாக்க என்ன சார் இருக்கு? குப்பை அள்ளுற வேலை” என்றார். ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் மனிதர். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்ததால் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது.

அறை நீளமானது. இரும்பு ரேக்குகள் கூரை வரை போகின்றன. அவற்றில் சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஓர் அட்டை தொங்குகிறது: ஆண்டு, முடிவின் வகை, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் கோப்பையும் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். ஒன்று தவறினாலும் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். கோப்பை யாராவது வாங்கிப்போனால் அந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். யார், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். ஒரு கட்டுக்குள் அப்படி ஒரு சீட்டைக் காட்டினார். மை பழுப்பேறிவிட்டது. “வாங்கிட்டுப் போனவர் ரிட்டையர் ஆயிட்டாரு, ஃபைல் இன்னும் வரலை” என்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். சென்னை மாகாணத்தில் வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில் வகுத்த நடைமுறை இது. டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் ‘டாட்டன்ஹாம் முறை’ என்று இன்றும் அலுவலகப் பயிற்சிகளில் சொல்கிறார்கள். தபால் வந்ததும் எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதில் போய் விவகாரம் முடிந்ததும், அது எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் முடித்தவரே எழுத வேண்டும். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. நிரந்தரம். பழைய ஆட்கள் வாயில் இன்னும் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ்.தான் புழங்குகின்றன. நால்வகைக்கும் தனித்தனிக் கட்டு. காலம் முடிந்ததும் பதிவறை பட்டியல் தயாரிக்கும், பிரிவுகள் பார்த்துச் சொல்லும், அலுவலகத் தலைமை உத்தரவிடும், கிழிப்பார்கள்.

ஆக, ஒரு கோப்பின் விதி இந்தச் சாக்கின் மேல் தீர்மானமாவதில்லை. அதை முடித்த அன்றைக்கே, மேலே பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரு உதவியாளர் இரண்டு எழுத்துகளில் தீர்மானித்துவிட்டார். அன்று அவருக்கு எத்தனை தபால் நிலுவை இருந்ததோ, மாதக் கடைசியோ, கண்காணிப்பாளர் எத்தனை முறை கேட்டாரோ! நிலுவையைக் குறைத்துக் காட்ட வேண்டிய நெருக்கடியில், ‘இது என்ன வகை’ என்று யோசிக்க யாருக்கு நேரம்? மனு என்றால் மூ.மு. என்று கை பழகிவிடும்.

அப்படிப் பழகிய கையின் வேலை ஒன்று அன்றைக்கே கண்ணில் பட்டது. எழுத்தர் ஒரு கோப்பின் எண்ணைப் படித்தார், உதவியாளர் டிக் அடித்தார், ஆனால் கோப்பு சாக்கில் விழவில்லை. கையில் எடை போடுவதுபோல் வைத்திருந்தார். “மூ.மு.வுக்கு இவ்வளவு கனம் இருக்காதே.” அட்டையில் பொருள்: ‘மனு – நிலம் தொடர்பாக’. டேக்கை அவிழ்த்துப் புரட்டினார். யாரோ கொடுத்த புகார் மனு, வட்டாட்சியர் அறிக்கை, புலப்படத்தின் நகல். அதற்கும் அடியில் மடித்து வைத்த பழைய ‘அ’ பதிவேட்டின் நகல். மடிப்பு வழியாகக் கிழியத் தொடங்கியிருந்தது. குறிப்பு கலத்தில் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து: டி.சி.

விவரம் தெரியாதவருக்கு அந்த இரண்டு எழுத்தும் ஒன்றுமில்லை. தெரிந்தவருக்கு அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பிறந்த ஆணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு (டிப்ரஸ்டு கிளாஸ், அதுதான் டி.சி.) நிலம் ஒப்படை செய்தார்கள். பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் கைமாற்ற வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இல்லை என்பது தமிழ்நாட்டில் தீராத அரசியல். ஒரு புலம் பஞ்சமிதானா என்று நிரூபிக்க வேண்டுமானால் பழைய பதிவேட்டில் இருக்கும் அந்த இரண்டெழுத்துதான் சாட்சி. மூலப் பதிவேட்டில் அந்தப் பக்கம் பொடிந்துபோயிருந்தால்? விசாரணைக்காக யாரோ நகல் எடுத்துச் சொருகி வைத்த, மூன்றாண்டில் கிழிக்கச் சொன்ன இந்தக் கோப்புதான் மிச்சம்.

எழுத்தர் அதைத் தனியாக வைத்தார். கனத்தைக் கையில் உணர்ந்தாரே ஒழிய, விதிப்புத்தகம் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. பட்டியலைப் பிரிவுகளுக்குச் சுற்றுக்கு விட்டபோது மேலே எவரும் இதைப் பிடிக்கவும் இல்லை. ‘ஆட்சேபணை இல்லை’ என்று எல்லாப் பிரிவும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. பட்டியலில் பொருள் கலத்தைத் தாண்டி யாரும் கோப்பைத் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை. இத்தனைக்கும் நீதிமன்ற வழக்கு, தணிக்கைத் தடை, தகவல் உரிமை மேல்முறையீடு ஏதாவது நிலுவையில் இருந்தால் காலம் முடிந்தாலும் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். சில அட்டைகளில் ‘ரிட் நிலுவை’ என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதிய புண்ணியவானுக்கு நன்றி. எழுதாதவை எத்தனையோ!

பக்கத்து அறைக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே கிழிக்க வேண்டியவை கிழிக்கப்படாமல் கிடக்கின்றன. கூட்ட அழைப்பு, மாதாந்திர அறிக்கையின் நகல், சுற்றறிக்கையின் நகலுக்கு நகல், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். எல்லாம் எப்போதோ ஓராண்டில் போயிருக்க வேண்டியவை. ஜன்னலை மறைத்து அடுக்கி, அடுக்கின் கீழ்ப்பகுதியைக் கரையான் தின்று, மேற்பகுதி சரிந்து நிற்கிறது. ஏன் அழிக்கவில்லை என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். “அழிச்சா கேள்வி வரும் சார். வச்சிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் அந்த அம்மா. உண்மைதான். காணாமல் போன கோப்புக்குக் குற்றக் குறிப்பாணை வரும். கரையான் தின்ற கோப்புக்கு வராது. ஆனால் இந்தப் பயத்தில் சேர்கிற மலைதான் வேண்டிய கோப்பைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. அழிக்கத் துணியாத அலுவலகமும் ஒருவகையில் அழித்துக்கொண்டுதான் இருக்கிறது, பட்டியல் இல்லாமல்.

தகவல் உரிமைச் சட்டம் வந்த 2005-க்குப் பிறகு இது வெறும் அலுவலக விவகாரமாக இல்லை. ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைப்பது ஒவ்வொரு பொது அதிகார அமைப்பின் கடமை என்று அதன் 4-ஆம் பிரிவே தொடங்குகிறது. ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’ என்று ஒரு வரியில் தப்பித்துவிட முடியாது, தேட வேண்டும், விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது. முறை தவறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1892-க்கு முந்தைய ஆவணத்தை, எதற்கும் உதவாதபடி சிதைந்துபோனால் தவிர, அழிக்கவே கூடாது என்கிறது அதே சட்டம். மாநில அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த ஆண்டைப் படித்தபோது, பஞ்சமி ஆணை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்திருப்பது மனதில் நெருடியது.

நிரந்தரக் கட்டுகள் அறையின் கோடியில். கம்பெனி காலத்து மாவட்ட ஆவணங்கள் பெரும்பாலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. 1670 முதலான ஆவணங்கள் அந்தச் செங்கல் கட்டடத்தில் இருக்கின்றன. இங்கே மிஞ்சியிருப்பவை அதற்குப் பிந்திய நிலப் பதிவேடுகள், இனாம் பதிவேடுகள், பசலி வாரியாகக் கிராமக் கணக்குகள். அதிகம் பேர் தேடி வருவதும் இவற்றைத்தான். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப்போனவர்கள், பரப்பு குறைந்துபோனவர்கள், அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலுக்காக இன்னும் படியேறி வருகிறார்கள். நான் இருந்தபோதும் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வாசலில் நின்றார். எழுத்தர் புல எண்ணைக் கேட்டார், கிராமத்தைக் கேட்டார், ஏணியை நகர்த்திப் போட்டு ஒரு கட்டை இறக்கினார். “இந்தப் பக்கம் இருக்கு ஐயா. மனு எழுதி நகல் கட்டணம் கட்டிட்டு வாங்க.” பெரியவர் அந்த வரியில் விரலை வைத்து அப்பா பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தார். தொட்டால் உதிரும் என்று எழுத்தர் மெதுவாக அவர் கையை விலக்கினார்.

மதியத்துக்குப் பின் கிழிக்கும் வேலை. இயந்திரம் எதுவும் இல்லை. டேக்கையும் ஊசியையும் பிடுங்கிவிட்டு, நான்கைந்து தாளாகச் சேர்த்துக் குறுக்கே கிழித்துச் சாக்கில் திணிக்கிறார்கள். ரகசியம் என்று முத்திரை விழுந்தவற்றை அதிகாரி முன்னிலையில் எரித்துவிடுவது இங்கே வழக்கம். மற்றவற்றை எடை போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் முழுத்தாளாகவே போய், வேர்க்கடலைப் பொட்டலத்தில் ரேஷன் அட்டை மனு படித்தவர்கள் உண்டு. ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் எல்லா மனுவிலும் ஒட்டியிருக்கும் இந்தக் காலத்தில், குறுக்கே ஒரு கிழி போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

புதிய கோப்புகள் இப்போது மின் அலுவலகத்தில் ஓடுகின்றன. இனி ரேக்கும் வேண்டாம், கரையானும் இல்லை என்றார் உதவியாளர். அவர் திரையில் ஒரு கோப்பின் இணைப்புகளைத் திறந்து காட்டினார். ‘ஸ்கேன் 001’, ‘ஸ்கேன் 001 புதியது’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’. கணினியில் இடம் அடைப்பது கண்ணுக்குத் தெரியாததால் கிழிக்கும் அவசரம் யாருக்கும் வராது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிக்கிறபோதே தீர்மானிக்கிற பழக்கமும் இதோடு போய்விடும் என்றே நினைக்கிறேன்.

கிளம்பும்போது, தனியாக எடுத்து வைத்த அந்தப் பஞ்சமிக் கோப்பைப் பற்றிக் கேட்டேன். “இதை நி.மு.ன்னு நீங்களே திருத்தி எழுதிட முடியாதா அண்ணே?”

“அதெப்படி சார்? பிரிவுல குறிப்பு வைக்கணும், ஆட்சியரோட பி.ஏ. உத்தரவு போடணும். அதுக்குத் தனியா ஒரு ஃபைல் போடணும்.”

“அந்தத் தனி ஃபைலை என்ன முடிவுல முடிப்பீங்க?”

அவர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். “அதையும் நி.மு. போட்டுருங்க. எதுக்கு வம்பு?” என்றார் அந்த அம்மா.