வேன் ஷெட்டின் தரை

எங்கள் பள்ளியின் மேற்கு மதிலை ஒட்டி, இரண்டு வேன்கள் நிற்கும் ஷெட் ஒன்று உண்டு. ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று தோழியர் கேலி செய்கின்றனர். செய்யட்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதுவரை அதிகமாகச் சண்டையிட்டது அந்தத் தரையைப் பற்றித்தான்.

2023 ஜூனில் அத்தரைக்கு நாங்களே சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். பெருக்கினோம், அடித்தோம், கைதட்டிக் கொண்டோம். நான்கே மாதங்களில் டயர் நிற்கும் இடங்களில் மட்டும் பெயிண்ட் உரிந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்த பெருமழைக்குப் பின் மற்ற இடங்களிலும் கொப்புளம் கிளம்பிற்று. ஜனவரியில் ஒரு காலை, ஈரத்தோடு எண்ணெயும் சேர்ந்த அந்த வழவழப்பில் டிரைவர் அண்ணாச்சி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. "என் கால்தான் சரியில்ல, பிள்ளைகளா" என்றார். எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உணவு விழாவில் சேர்ந்த பணத்தைத் தரைக்குச் செலவிட மதர் இசைந்தார்கள். உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மீண்டும் பெயிண்ட் அடித்து, மிச்சப் பணத்தில் நூலகத்திற்கு மின்விசிறி வாங்கலாம் என்றது ஒரு கட்சி. எப்பாக்சிதான் வேண்டும் என்றது மறு கட்சி. அதற்கோ மூன்று மடங்குக்கு மேல் செலவு!

வேதியியல் சிஸ்டர் இரண்டையும் விளக்கினார்கள். பெயிண்டில் உள்ள நீரோ கரைப்பானோ ஆவியானதும் மெல்லிய தோல் ஒன்று மிஞ்சுகிறது. ஓடி வந்த டயரின் சூடும், ரப்பரிலிருந்து கசியும் பொருளும் அத்தோலை இளக்குகின்றன. டயர் ஆறும்போது அதைப் பிடித்து இழுத்து விடுகிறது. எப்பாக்சி அப்படிக் காய்வதில்லை. பிசினும் ஹார்டனரும் வினைபுரிந்து வலைபோல் பின்னிக் கொள்கின்றன. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் 1930-களில் இப்பிசினை ஆராய்ந்தது செயற்கைப் பற்களுக்காகவாம்! பல்லுக்கு வந்தது வேனுக்குமா என்று பின் வரிசை சிரித்தது.

"தரை ஈரமாயிருந்தால் இரண்டுமே நிற்காது" என்று சிஸ்டர் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாள்களைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டோம். மறுநாள் எல்லாத் தாள்களின் அடியிலும் முத்து முத்தாய் நீர். பின்சுவருக்கு அப்பாலிருந்த தொட்டி கசிந்து கொண்டிருந்தது. தொட்டியை அடைத்துவிட்டுக் கோடைக்காகக் காத்திருந்தோம். மே மாதச் சோதனையில் பின்மூலைத் தாள் தவிர மற்றவை உலர்ந்திருந்தன.

இத்தனைக்கும் நாங்கள் அண்ணாச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கச் சொன்னது ஆயாம்மாதான். அவர் யோசித்துவிட்டு, "பளபளப்பு வேண்டாம்மா. கால் நிக்கணும், அது போதும்" என்றார். எப்பாக்சியும் நனைந்தால் வழுக்கும் என்பதை எந்தக் கட்சியும் அதுவரை பேசவில்லை!

ஆகவே எப்பாக்சி, ஆனால் மணல் தூவியது. பழைய பெயிண்டை எந்திரத்தால் தேய்த்து எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. வெயிலில் மஞ்சளித்தாலும் தெரியாதிருக்கச் சாம்பல் நிறம். பின்மூலையை வெறும் சிமெண்ட்டாகவே விட்டோம். அங்கே சைக்கிள்கள் நிற்கின்றன. கலந்த பிசின் வாளியிலேயே சூடேறி இறுகிவிடுமாம், அரைமணிக்குள் பூசி முடிக்க ஆட்கள் ஓடினார்கள். தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாமென்று சிஸ்டர் எங்களைக் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தினார்கள். மின்விசிறிக் கட்சி இன்னமும் எங்களோடு முழுதாய்ச் சமாதானம் ஆகவில்லை.

எட்டாம் நாள் அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். செருப்போடு நடந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நடந்தார். மூச்சைப் பிடித்து நின்ற எங்களைப் பார்த்து, "சரி, வண்டியை விடலாம்" என்றார்.