உளிப் பெட்டியில் ஒரு பங்கு

கீழ்பென்னாத்தூரில் எங்கள் குடும்பத்துத் தச்சுப் பட்டறையில் பெண்களுக்கும் வேலை இருந்தது. உப்புத்தாள் தேய்ப்பது, சாயம் பூசுவது, பாலிஷ் போடுவது, சீவல் கூட்டுவது. ஒரு கதவை அம்மா இரண்டு நாள் தேய்ப்பார். யார் செய்த கதவு என்று கேட்டால் அப்பா பெயரைத்தான் சொல்வார்கள். உளியை எடுத்துக் கொடுக்கலாம், பிடிக்கக் கூடாது. மாதத்தில் சில நாள்கள் எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

இந்தப் பிரிவினை எங்கள் ஊரோடு நிற்பதில்லை. திருவண்ணாமலை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் பராசக்தி அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுக்கிறோம். அந்தத் தேர்களைச் செதுக்கிய கைகளில் பெண் கை எத்தனை? மொரீஷியஸ் தீவில் பாய்மரக் கப்பல் மாதிரிகள் செய்து விற்பது பெயர்பெற்ற கைத்தொழில். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் கப்பலேறிப் போன தீவு அது. அங்கும் பட்டறைகளில் பெரும்பாலும் மர உடலை ஆண்கள் செய்கிறார்கள். கயிறு கட்டுவதும், பாய் தைப்பதும், பழைய நிறம் வரப் பாயைத் தேயிலைத் தண்ணீரில் முக்குவதும் பெண்கள்.

அப்பா இறந்தபின் பங்கு பிரித்தோம். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டதால் மனையில் பங்கு கேட்க எனக்கு வாய் இருந்தது. உளிப் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கேட்டேன்.

"உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்றான் தம்பி.

"பாதியக் குடுத்துடுடா. அதுவும் பங்குதான்" என்றார் அம்மா.

கடல் இல்லாத ஊரில் கப்பல் செய்ய உட்கார்ந்தேன். கதவு, ஜன்னல் செய்தால் தம்பியின் வேலையோடு ஒப்பிடுவார்கள். கப்பலை ஒப்பிட இங்கே ஆளில்லை. தோணி கட்டுகிறவர்கள் ஏரா என்று சொல்லும் அடிமரத்தை முதலில் செதுக்கினேன். அதன்மேல் விலா எலும்பு மாதிரி சட்டங்கள். மெல்லிய பட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டிக் காயவிட்டு ஒட்டினேன். நாரின் போக்குக்கு எதிராக உளி போனால் மரம் பிய்ந்து வரும். இதை அப்பா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த நானும் கேட்டிருந்தேன்.

சாயத்துக்கு அம்மா வந்தார். ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்து நின்ற நாரை உப்புத்தாளால் அடக்கினார். பசை படிந்த இடம் சாயம் குடிக்காது என்று விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துச் சுரண்டினார். கடுக்காய்த் தண்ணீர் பூசிக் காயவிட்டு, அதன்மேல் துரு ஊறிய காடியைத் தடவினார். பழுப்பு மரம் எங்கள் கண் முன்னால் கறுத்தது. எந்த மரம் எவ்வளவு குடிக்கும், எத்தனை பூச்சில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நாற்பது வருடக் கணக்காக அவர் கையில் இருக்கிறது. இதை 'கூடமாட உதவி' என்றுதான் இத்தனை காலம் சொன்னோம்.

உளி கைக்கு வந்தது பாதி நியாயம்தான். தேய்ப்பதும் பூசுவதும் தச்சு வேலை என்று ஆகாதவரை உளி பிடித்த பெண் ஒருத்தி தப்பித்தாள் என்றுதான் கணக்கு. உப்புத்தாளோடு இருப்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். அதனால் தம்பியிடம் இரண்டாவது பங்கையும் கேட்டோம். இப்போது பட்டறை பில்லில் செய்கூலிக்குக் கீழே 'சாயம், பாலிஷ் கூலி' என்று தனி வரி இருக்கிறது. அந்தப் பணம் அம்மாவின் கணக்கில் ஏறுகிறது.