நாளை மாலை மூன்றரை மணிக்கு

கோயமுத்தூரில் ஆர்.எஸ்.புரம் என்று ஒரு பேட்டை இருக்கிறது என்பதை ஜவுளி வாங்குகிறவர்களுக்கும் நகை வாங்குகிறவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. திவான் பகதூர் ரோட்டில் மாலை ஆறு மணிக்குமேல் நடந்து போகிறவன், மனிதர்களுக்கு வழி விடுவதா, மோட்டார்களுக்கு வழி விடுவதா என்று தீர்மானிப்பதற்குள் இரண்டுக்கும் பயந்து ஏதாவது ஒரு கடைப்படியில் ஏறிவிடுவான். ஏறிய பிறகு ஒன்றும் வாங்காமல் இறங்குவது நம் தேசத்தில் மரியாதையாகாது. இன்று மாலை நானும் அப்படித்தான் ஒரு கடையில் ஏறி, என் தலைக்குச் சற்றும் பொருந்தாத ஒரு தொப்பியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாத்தியாருக்குத் தொப்பி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாளை மாலை மூன்றரை மணிக்கு நடக்கவிருக்கும் ஒரு புட்பால் பந்தயத்துக்காக அது வாங்கப்பட்டது.

நகரசபைத் தலைவராயிருந்த திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் வழங்குவது இந்தப் புரம். பிளேக் நோய் பழைய ஊரை வாட்டிய காலத்துக்குப் பின்னர், ஊரின் நெரிசலுக்கு மேற்கே அகன்ற வீதிகளாக வகுத்து எழுப்பப்பட்டது. மேற்கே நடக்க நடக்கக் கடைகள் குறைந்து மரங்கள் மிகும். கௌலி பிரவுன் ரோட்டில் 1912-ல் ஏற்பட்ட வனக் கலாசாலையும், அதற்கும் மூத்ததாய் 1902-ல் தோன்றிய காஸ் வனப் பொருட்காட்சி சாலையும் இருக்கின்றன. அதற்கப்பால் லாலி ரோட்டில் விவசாய சர்வகலாசாலை. அந்த மரங்களின் அடியில் காலை ஐந்தரை மணிக்கு நடப்பவர்கள் பெரும்பாலும் டாக்டர் சொல்லி நடக்கிறவர்கள். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் என் நடை எப்போதும் எங்கள் பள்ளி மைதானத்தில் போய் நின்றுவிடும். அங்கே ஒரு பையன், சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்துக்கொண்டிருப்பான். எங்கள் பள்ளியின் பழைய மாணவன். இப்போது கலாசாலையில் இரண்டாம் வருஷம் வாசிக்கிறான். ஆறு வருஷத்துக்கு முன்பு, கோல் காக்கிற பையன் ஜுரமாய்ப் படுத்த ஒரு தினத்தில், "நீ போய் நில்லடா" என்று இவனைக் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தியவன் நான்தான். அன்று தொடங்கிய வம்பு இது.

பையனுடைய தகப்பனார் மேட்டுப்பாளையம் ரோட்டிலுள்ள பூமார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். சத்தியமங்கலத்திலிருந்து மல்லிகையும் முல்லையும் ஏற்றி வரும் வண்டிகள் விடியுமுன்னே வந்து நிற்கும். வண்டியின் மேலிருந்து ஒருவர் மூட்டையை வீச, கீழே நிற்பவர் அதைத் தரையில் விழாமல் ஏந்த வேண்டும். விழுந்தால் பூ நசுங்கும், விலையும் நசுங்கும். பையன் பத்து வயது முதல் தகப்பனாருக்குத் துணையாக இந்தத் தொழிலைச் செய்தவன். அவன் கைகளின் இரகசியம் இதுதான் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் நான் சொல்லத் தயார். பந்தை அவன் குத்தித் தள்ளுவது அபூர்வம். பூமூட்டையைப்போல மார்போடு அணைத்துக்கொள்வான்.

தகப்பனாருக்கு இதில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "பந்தை ஒதைக்கிறவனா இருந்தாக்கூடப் பரவாயில்லீங்க சார். இவன் நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு, வந்தாப் புடிக்கிறானுங்க. அதுக்கு ஒரு காலேசு சீட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சீட்டும், சம்பளச் சலுகையும் பையன் ஆட்டத்தினால் பெற்றவை. ஆட்டம் நின்றால் சலுகையும் நிற்கும். இந்த வருஷம் சர்வகலாசாலைக் கோஷ்டியில் இடம் கிடைக்காவிட்டால், பையன் தீபாவளிக்குப் பிறகு பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது தகப்பனாரின் முடிவு. "சரி, ஒரு வருஷம் பொறுங்கள்" என்று சொல்லி அதை ஒப்புக்கொண்டு வந்தவனும் நான்தான். அந்த ஒரு வருஷம் நாளை மாலையோடு முடிகிறது.

கோவைக் கலாசாலைகள் முன்னாளில் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்திருந்தன. 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின், கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரிக் கலாசாலைகள் தமக்குள்ளே பந்தயமாடி, அவற்றிலிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கித் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்புகின்றன. அதிலும் தேறினால் அகில இந்தியச் சர்வகலாசாலைப் பந்தயம். அதன் கோப்பை ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் பெயரால் வழங்குவது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்புறத்திலுள்ள கோழிக்கோட்டார் அதை 1971-ல் வென்றபோது, அவர்களுக்குத் தலைவராயிருந்தவர் விக்டர் மஞ்ஞிலா. அவரும் கோல் காத்தவர்தான். நின்ற இடத்திலேயே நின்று, வந்ததைப் பிடித்தவர்! இதைத் தகப்பனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவுங்க மலையாளத்தாருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நாளைய பந்தயம் கலாசாலைகளுக்குள் நடக்கும் கடைசிப் பந்தயம். எதிர்க் கோஷ்டி சென்ற வருஷம் ஜயித்த கோஷ்டி. முன்வரிசையில் பனைமரம்போல் ஒருவன் நிற்கிறான். மூலையிலிருந்து வரும் உயரப் பந்துகளையெல்லாம் தலையால் முட்டுவதே அவன் உத்தியோகம். இடப்பக்கத்து ஓட்டக்காரன் இன்னும் ஆபத்தானவன். நம் கோஷ்டியில் நடுவரிசை நன்றாயிருக்கிறது. முன்வரிசைக்குத்தான், கோலுக்கு எதிரே வந்ததும், யோசனை வந்துவிடுகிறது. ஆகவே பந்தயம் ஒரு கோலுக்கு மேல் போகாது என்பது என் ஜோசியம். எதிரே கோல் காக்கிறவனோ சென்ற வருஷம் சர்வகலாசாலைக்கே காத்தவன். பதினோரு பேரில் ஓடுகிறவர்களுக்குப் பத்து இடம் உண்டு, கோல் காப்பவனுக்கு ஒரே இடம். தேர்வு செய்கிறவர்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரு பக்கத்துக் கம்பங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

இனி அந்தத் தொப்பிக்கு வருகிறேன். மைதானங்களை வடக்கு தெற்காக அமைப்பதுதான் முறை. சாய்கின்ற சூரியன் யார் கண்ணிலும் நேரே விழாது. நாளைய மைதானத்தை அமைத்தவர், நிலம் இருந்த வாக்கில் கிழக்கு மேற்காக அமைத்துவிட்டார். இது ஆவணி மாசம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது. பிற்பகல் ஏறஏற அதன் வேகமும் ஏறும். பிற்பாதியில் கிழக்குக் கோலைக் காப்பவனுக்கு இரட்டைத் தண்டனை: சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும், அவன் உதைத்தனுப்பும் பந்து பாதி மைதானம் போவதற்குள் காற்றில் நின்று, பாட்டி வீட்டுக்கு வந்த பேரனைப்போல் திரும்பி வரும். எதிரிகள் தொலைவிலிருந்து அடிக்கும் பந்தோ காற்றின் தயவால் இருமடங்கு வேகத்தில் வந்து சேரும்.

ஆதலால் டாஸில் ஜயித்தால் முதற்பாதியிலேயே கிழக்குக் கோலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மூன்றரை மணிச் சூரியன் இன்னும் உயரத்தில்தான் இருக்கும். முதற்பாதியில் பொறுத்திருந்து, பிற்பாதியில் காற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆடலாம். இதை நம் கோஷ்டித் தலைவனிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று. இரண்டு தடவையும் "சரிங்க சார்" என்றான். முப்பது பேருக்கு வகுப்பெடுக்கிறவனுக்கு அந்தச் "சரிங்க சார்" என்பதன் மதிப்புத் தெரியும். எதிரித் தலைவனுக்கும் இந்த யோசனை தோன்றாமலிராது. டாஸ் அவன் பக்கம் விழுந்தால்? அதற்காகத்தான் தொப்பி. கோல் காப்பவன் தொப்பி அணியலாம் என்று ஆட்ட விதியே இடம் கொடுக்கிறது.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பரபரப்பா என்று சிலர் சிரிக்கலாம். 1911 ஜூலை 29-ம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியார், ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலுடன், ஆங்கிலப் பட்டாளத்துக் கோஷ்டி ஒன்றை இரண்டுக்கு ஒன்று என்று வென்றபோது, தேசம் முழுவதும் அதைச் சின்ன விஷயமாக எண்ணவில்லை. அந்த நாளில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கண்ணூர்ச் சிறையில் இருந்தார். அதற்கு முன் 1908 முதல் 1910 வரையில் எங்கள் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அந்தச் சிறைக்கு அருகில், அவர் பெயர் தாங்கிய பூங்காவை அடுத்துத்தான் இன்றைக்கு எங்கள் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது.

அந்த அரங்கத்தில் 2019 மார்ச் 9-ம் தேதி நான் கண்டதை மறக்க மாட்டேன். சென்னை நகரக் கழகம் கோவையைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஐ-லீக் ஆடிய வருஷம் அது. கடைசிப் பந்தயத்தில் பஞ்சாபின் மினர்வாவை வென்றால்தான் பட்டம் நிச்சயம். ஒரே ஒரு புள்ளி பின்னால் கிழக்கு வங்காளம் காத்திருந்தது. மூன்றாவது நிமிஷத்திலேயே எதிரி கோல் போட்டுவிட்டான். இடைவேளையில் ஊரே வாயடைத்துப் போயிற்று. பிறகு பெத்ரோ மான்ஸி பெனால்டியில் ஒன்று போட்டார். தடுப்பு வரிசையில் நிற்கும் கௌரவ் போரா இரண்டு போட்டார். மூன்றுக்கு ஒன்று! அன்று எங்கள் பள்ளி மாணவனாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், எல்லாரும் கோல் போட்டவர்களைக் கண்டு குதிக்கையில், எங்கள் கோல் காப்பவர் தனியாக முழங்காலிட்டு நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கழகம் 2021-க்குப் பின் லீக்கில் தோன்றவில்லை. ஆகையால் ஊரில் மிஞ்சி நிற்பவை இந்தக் கலாசாலைப் பந்தயங்களே.

தொப்பியைக் கொடுக்கப் பூமார்க்கெட்டுக்குப் போனேன். பையன் இல்லை. நாளை மறுநாள் முகூர்த்த தினம். விடியற்காலையில் வண்டிகள் வழக்கத்துக்கு மேல் வரும். மூன்று மணிக்கே எழுந்து மூட்டை ஏந்திவிட்டு, அந்தக் கையோடு மாலையில் கோல் காக்கப் போகிறானே என்று என் மனம் அடித்துக்கொண்டது. தகப்பனார் ஈரச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் கேட்கத் தைரியம் வரவில்லை. தொப்பியை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெயிலுக்குங்களா?"

"ஆமாம்."

சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். "அவனை விடியால எழுப்பலீங்க சார். வண்டிய நானே எறக்கிக்கறேன்" என்றார்.

நான் கிளம்பிப் பத்தடி வந்திருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், ஆட்டம் எத்தன மணிக்குங்க?"