பகல் இரண்டு மணி நட்சத்திரங்கள்

வானியலுக்கும் பள்ளிக்கூட மணிக்கும் ஒத்தே போகாது. காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்து மாலை நாலேகாலுக்கு வெளியே போகும் பிள்ளைகளுக்கு, ஏழு மணிக்கு வேலைக்கு வரும் நட்சத்திரங்களைப் பற்றி நாங்கள் பாடம் நடத்துகிறோம். நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்க்காமலே பாடம் நடத்தலாம், பார்க்காமலே பரீட்சை எழுதலாம், பார்க்காமலே முழு மதிப்பெண்ணும் வாங்கலாம். ‘விண்மீன் குழு என்றால் என்ன?’ இரண்டு மதிப்பெண் கேள்வி. விடை இரண்டரை வரி.

பள்ளியில் ஹைடெக் லேப் வந்த பிறகு, அந்தக் கம்ப்யூட்டர்களில் ஸ்டெல்லேரியத்தை ஏற்றினேன். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கி, இன்று பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் இலவச மென்பொருள் அது. பென் டிரைவில் கொண்டுவந்து ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்புறம் இன்டர்நெட் வேண்டாம். அரசுப் பள்ளிக்கு இதைவிடப் பெரிய தகுதி இல்லை.

பகல் இரண்டு மணி வகுப்பில் அதைத் திறந்தால் திரையிலும் பகல்தான் இருக்கும். ‘ஏ’ எழுத்தைத் தட்டினால் காற்று மண்டலம் மறைந்துவிடும். சூரியன் அங்கேயே எரிந்துகொண்டிருக்க, அதைச் சுற்றி வானம் கறுத்து நட்சத்திரங்கள் வெளியே வரும். பகலில் நட்சத்திரங்கள் எங்கேயும் போவதில்லை என்று வருடக்கணக்கில் வாயால் சொல்லிவந்ததை ஒரு பொத்தான் சொல்லிவிடுகிறது.

பகலில் நட்சத்திரம் என்றதும் யாராவது ஒரு பிள்ளை அருந்ததியைக் கேட்காமல் விடாது. “எங்க அக்கா கல்யாணத்துல ஐயர் கையைத் தூக்கிக் காட்டுனாரு டீச்சர். மாமாவும் தெரியுதுன்னு தலையாட்டுனாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல.” சரி, கல்யாணத் தேதியைப் போடு என்பேன். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவே இருப்பவர் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பவள் அருந்ததி. தை மாத முகூர்த்தம், காலை எட்டு மணி என்று போட்டால் இருவரும் வடமேற்கில், அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரத்தில் இருக்கிறார்கள். வெயிலில் தெரியாது, ஆனால் ஐயர் சரியான பக்கம் கை காட்டியிருந்தால் விரல் நுனியில் அருந்ததி இருந்திருப்பாள். அதே எட்டு மணியை வைகாசிக்கு மாற்றினால் ஆளையே காணோம். ‘ஜி’யைத் தட்டித் தரையை எடுத்துவிட்டுத் தேடினால், கால்களுக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். “அப்ப ஐயர் தரையைத்தான் காட்டியிருக்கணும்” என்றான் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன்.

சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன் மாறியது? நேரத்தை எட்டு மணியிலேயே நிறுத்திவைத்து, தேதியை மட்டும் ஒவ்வொரு நாளாகத் தள்ளச் சொல்வேன். வானம் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்கிறது. நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றிவருகிறது என்று மூன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்த வாக்கியத்துக்கு அன்றுதான் அவர்கள் சாட்சி பார்க்கிறார்கள்.

இந்த மென்பொருளில் நான் மதிப்பது அதன் கடிகாரத்தைத்தான். ‘எல்’ தட்டினால் காலம் வேகமாக ஓடும், ‘ஜே’ தட்டினால் வேகம் குறைந்து பின்னோக்கித் திரும்பும், ‘கே’ தட்டினால் இயல்பு நடைக்கு வரும். சனியின் வளையத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, பால்வெளியைப் பளபளப்பாக்குவது இதெல்லாம் டிவி பார்ப்பது போலத்தான்; ‘ஆ’ என்பார்கள், அத்தோடு சரி. ஒரு மாதம் தூங்காமல் காத்திருந்தால் மட்டுமே பார்க்கக்கூடிய ஒன்றை ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டும்போதுதான் பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வருகிறார்கள்.

நிலாவை வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், நிலா நட்சத்திரங்களுக்கிடையே நாளுக்குப் பதின்மூன்று டிகிரி கிழக்கே நடப்பது தெரியும். இருபத்தேழு நாளும் சில மணி நேரமும் ஆனதும் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். நட்சத்திரங்கள் ஏன் இருபத்தேழு என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்து இரவைப் போட்டால் முழுநிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில் நிற்கிறது. மாசி மகத்தன்று மக நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது. திருவிழா நாள்காட்டியை வானத்தில் எழுதிவைத்திருப்பதை முதன்முறை பார்த்தபோது, எனக்குமே கொஞ்சம் சிலிர்த்தது.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பிறந்த தேதியையும் நேரத்தையும் போடுவார்கள். ரோகிணிக்காரிக்கு நிலா ரோகிணியின் பக்கம், சித்திரைக்காரனுக்குச் சித்திரையின் பக்கம். “சோசியர் சொன்னது சரிதான் டீச்சர்!” இது ஜோதிடத்தை வளர்ப்பதாகாதா என்று ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம் எப்போதும் உண்டு. என் பதில்: நிலா நின்ற இடம் சரி, அது கணக்கு. அந்த இடத்தால் உனக்கு எப்போது வேலை கிடைக்கும் என்பதைத் திரையில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் காணோம், தேடிப் பார்த்துக்கொள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன். தேடிப் பார்க்கட்டும்.

திரை ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. முதலாவது அளவு. ஓரியன் திரையில் உள்ளங்கை அளவு. அதை மனதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகும் பிள்ளை உள்ளங்கை அளவு ஓரியனைத் தேடும். தலைக்கு மேல் பெரிதாக விரிந்து கிடப்பது அதன் கண்ணில் படாது. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் பத்து டிகிரி. இதை முதலில் பழக்கிவிட்டுத்தான் நான் விண்மீன் குழுவுக்கே போகிறேன். ஓரியனின் இடுப்புப் பட்டையில் உள்ள மூன்றும் ஒரு முஷ்டியின் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, அந்த வேட்டைக்காரனின் நிமிர்ந்த தோரணை. புத்தகங்களிலும் செயலிகளிலும் ஓரியன் கால் ஊன்றி நிற்கிறான். அது ஐரோப்பாவின் வானம். நம் ஊரில் அவன் கிழக்கே எழும்போது வடக்கே தலைவைத்துப் படுத்தபடிதான் எழுகிறான், உச்சந்தலைக்கு மேலே போய், மேற்கிலும் படுத்தபடியே மறைகிறான். இடத்தை லண்டனுக்கு மாற்றி ஒருமுறை, மறுபடி நம் ஊருக்கு மாற்றி ஒருமுறை ஓட்டிக்காட்டினால் போதும். நட்சத்திரங்கள் அங்கே சாய்ந்து எழுகின்றன, இங்கே செங்குத்தாக ஏறுகின்றன. பாடப்புத்தகப் படத்தோடு வானம் ஒத்துப்போகாத குழப்பம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷியும் தெற்கே திரிசங்கும் ஒரே வானத்தில் நமக்குக் கிடைப்பதையும் அப்போது காட்டிவிடலாம். லண்டன் பிள்ளைகளுக்குத் திரிசங்கு கிடையாது.

மூன்றாவது தரை. மென்பொருள் நிறுவியதும் வரும் நிலக்காட்சி பிரான்சில் உள்ள ஒரு கிராமத்து வெளி. எங்கள் ஊரோ தேனி மாவட்டத்தில், கொடைக்கானல் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. அட்சரேகை பத்து டிகிரி என்பதால் துருவ நட்சத்திரமும் வடக்கே அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். திரையில் இருக்கிறது. ஊரில் இல்லை. “சாஃப்ட்வேர் பொய் சொல்லுதா டீச்சர்?” பொய் சொல்லவில்லை, அதற்கு நம் மலையைத் தெரியாது என்றேன். அப்ப நாம சொல்லிக் குடுப்போம் என்றாள் ஒருத்தி.

ஸ்டெல்லேரியத்தில் அதற்கு வழி இருக்கிறது. சுற்றுத் திசைகளின் கோணத்தையும் அந்தந்தத் திசையில் மலை எத்தனை டிகிரி உயர்ந்திருக்கிறது என்பதையும் வரிக்கு இரண்டு எண்களாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அதையே அடிவானமாக வரைந்துகொள்ளும். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரா, நடுவில் கட்டித் தொங்கவிட்ட நூல், நூல் முனையில் ஒரு இரும்பு நட்டு. ஸ்ட்ரா வழியாக மலை உச்சியைப் பார்த்து, நூல் விழும் இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும். திசைக்குச் செல்போன் காம்பஸ். பள்ளி மைதானத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, பத்து டிகிரிக்கு ஓர் அளவு என்று சுற்றி வந்தார்கள். ஒரே திசைக்கு இரண்டு குழு இரண்டு அளவு சொன்னால் சண்டை. மறுபடி அளக்க வேண்டும். கொடிக்கம்பத்தை ஒட்டிய வேப்பமரத்தை அடிவானத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மதிய இடைவேளை முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது. மரம் வளரும், மலை வளராது என்று ஒருவன் வாதாடி, மரத்தைத் தள்ளிவிட்டார்கள்.

கோப்பை ஏற்றியதும் பிரெஞ்சு வெளி மறைந்து, திரையின் அடியில் எங்கள் மலைமுகடு கோணல்மாணலாக வந்தது. துருவ நட்சத்திரம் அதன் பின்னால் முழுகிப்போனது. மேற்கிலும் மலை என்பதால் நாள்காட்டியில் அச்சடித்திருக்கும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே எங்கள் ஊர்ச் சூரியன் போய்விடும்; அதுவும் இப்போது திரையில் சரியாக வந்தது. கணித ஆசிரியர் அந்தக் கோணமானிகளைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு என்று வாங்கிக்கொண்டு போனவர், இன்னும் திருப்பித் தரவில்லை.

செல்போன் செயலிகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வானத்தை நோக்கிப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் வரும் என்பது உண்மைதான். ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் தேவையான உணரிகள் இருப்பதில்லை. இருந்தாலும் இரும்புக் கேட் பக்கம் நின்றால் காம்பஸ் திசை தப்பிவிடும், காற்றில் எட்டுப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். அதைவிட, இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒருமுறை வெள்ளைத் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் அத்தனையும் போச்சு. சிவப்பு நிறத்துக்கு மாற்றும் இரவு முறை இருக்கிறது, பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள். எனவே என் வகுப்பில் செயலிக்கு ஒரே வேலைதான்: முதலில் நீ பார்த்து, இது இன்னது என்று சொல். அப்புறம் போனை எடுத்துச் சரிபார்.

இரவு வான்நோக்கல் வைத்தால் பள்ளிக்கு வருவது பையன்கள்தான். பெண் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் ஒரு காரணம், வீட்டில் விடமாட்டார்கள் என்பது பெரிய காரணம். அதற்காக வகுப்பையே திருப்பிப் போட்டேன். மதியம் திரையில் அவரவர் வீட்டு மாடியை நினைத்துக்கொண்டு ஒரு கணிப்பு எழுதவேண்டும்: இன்று எட்டு மணிக்கு இந்த நட்சத்திரம் எந்தத் திசையில், எத்தனை முஷ்டி உயரத்தில் இருக்கும். இரவில் அம்மாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்து, மறுநாள் எழுதிக்கொண்டு வரவேண்டும். மேகம் என்றால் மேகம் என்று எழுது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லா நோட்டிலும் மேகம்தான். தையில்தான் வானம் வழிக்கு வரும். ஒரு நோட்டில் இப்படி இருந்தது: ‘ஊராட்சி லைட் எரிவதால் நான்கு நட்சத்திரம் மட்டும் தெரிந்தது. அப்பா துண்டைப் போட்டு மறைத்தார். பதினொன்று தெரிந்தது.’ ஒளி மாசு பற்றி நான் தனியாக ஒன்றும் நடத்தவில்லை.

தூரத்தைச் சொல்லித்தருவதற்குப் பிறந்தநாளை எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரத்தைச் சொடுக்கினால் எத்தனை ஒளியாண்டு என்று ஓரத்தில் வரும். புரோசியான் பதினொன்றரை. ஆறாம் வகுப்புப் பிள்ளை பிறந்தபோது அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் அதன் கண்ணுக்கு வந்து சேருகிறது. திருவோணம் பதினேழு, அது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு. சுவாதி முப்பத்தேழு, ரோகிணி அறுபத்தைந்து. எண்பதை நெருங்கும் பாட்டி வீட்டில் இருந்தால் மகம், எழுபத்தொன்பது. இதை ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் உள்ளவர்கள் வயதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆதார் அட்டையில் இருக்கும் வயதா உண்மை வயதா என்ற சிக்கலை மட்டும் மென்பொருள் தீர்க்காது.

இப்போது வகுப்பில் ஓடிக்கொண்டிருப்பது கிரகண விவகாரம். 2019 டிசம்பர் 26-ஐப் போட்டால், காலையில் திண்டுக்கல்லில் வளையம், எங்கள் ஊரில் மெல்லிய பிறை. இத்தனை பக்கத்தில் இருந்தும் வளையம் கிடைக்கவில்லையே என்று இவர்களுக்கு இப்போது ஆதங்கம். அன்றைக்கு இவர்களில் பலருக்குப் பள்ளி வயதுகூட இல்லை. அடுத்து எப்போது என்று முன்னே ஓட்டினார்கள். 2031 மே 21, மதியம் ஒரு மணியை ஒட்டி, தேனி, மதுரை வழியாக வளையக் கிரகணம். அன்று தனக்கு என்ன வயது என்று ஆளாளுக்கு விரல் விட்டு எண்ணினார்கள். கோடை லீவில் வருகிறது, ஸ்கூலில் கண்ணாடி தரமாட்டார்கள் என்பதுதான் முக்கியக் கவலை. ஒருத்தி, 2019-ல் அப்பா வாங்கிய கிரகணக் கண்ணாடி பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதுவே போதும் என்கிறாள். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கீறலோ ஓட்டையோ இருந்தால் குப்பைக்குத்தான் போகும் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. அதற்கே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.