தகட்டில் ஏறிய மாடுகள்

நண்பன் கள்ளிக்குப்பத்தில் ஃப்ளாட் வாங்கிவிட்டான். கிரகப்பிரவேசத்துக்கு வெறுங்கையோடா போவது? சுவர்க் கடிகாரம் வாங்கலாமென்றால், என்னைப் போலவே யோசிக்கிற பதினோரு பேர் நிச்சயம் உண்டு. ஆபீஸில் ஓர் அந்தியூர்க்காரர்தான் வழி சொன்னார். பர்கூர் மலையில் தான் எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்து, "இதைத் தகட்டுல போட்டுக் குடுங்க ஸார், சாயம் போகாது!" என்றார்.

காட்டுப் பாதை. சாயங்கால வெயில். புழுதியைக் கிளப்பிக்கொண்டு முப்பது, நாற்பது மாடுகள். பின்னால் தோளில் துண்டும் கையில் தடியுமாக ஒருவர்.

அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் தொடங்கியது. தகட்டை வெட்ட, வளைக்க, துளைக்க என்று சந்துக்குச் சந்து ஆள் உண்டு. மாடு ஏற்றவும் ஒருவர் இருந்தார். படத்தை முதலில் காகிதத்தில் அச்சடித்து, பூச்சுப் போட்ட அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, இருநூறு டிகிரிச் சூட்டில் அழுத்துகிறார். மை உருகுவதே இல்லை. நேராக ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் கற்பூரத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அதே சமாசாரம்!

"இதுல வெள்ளை மை கிடையாது ஸார். மாட்டு மேல வெள்ளையாத் தெரியுதே, அது வெறும் தகடு" என்றார்.

பர்கூர் மாட்டைச் செம்மறை என்பார்கள். செம்மண் நிற உடம்பில் திட்டுத் திட்டாக வெள்ளை. கணிசமான மாடு வெறும் தகடுதான் என்று தெரிந்தபின் பணம் கொடுக்கக் கொஞ்சம் மனசு வலித்தது.

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து செங்குன்றம் ரோடில் ஷேர் ஆட்டோ. மடியில் தகடு, முதுகில் யாரோ ஒருவரின் டிபன் பை. கள்ளிக்குப்பம் நெருங்கும்போது வண்டி நின்றுவிட்டது. நடுரோட்டில் ஒரு கறுப்புப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். திட்டினார். கடைசியில் "எம்மா, கொஞ்சம் நகருடி!" என்று கெஞ்சினார். அது நகரவில்லை, நாங்கள்தான் சுற்றிப் போனோம்.

பேரில் கள்ளி இருக்கிறதே என்று தேடினேன். ஏ.டி.எம்., பிரியாணிக் கடை, மளிகை, 'டூ பெட்ரூம் ஃப்ளாட்' போர்டு... கள்ளிச் செடி மட்டும் கண்ணில் படவில்லை. 2011-ல் அம்பத்தூரோடு சேர்ந்து இதுவும் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் புழல் ஏரி மட்டும் வெகுகாலமாகப் பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஹாலில் ஆணியடித்துத் தகட்டை மாட்டினோம். வந்தவர்கள் "சூப்பர்!" என்றுவிட்டு கேசரிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் நின்றார். எதிர் வீட்டுப் பெரியவர். கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேய்ச்சல் முடிஞ்சு திரும்புது."

"எப்படிங்க தெரியுது?"

"வயித்தைப் பாரு தம்பி. காலைல போற மாட்டுக்கு இப்படிப் பள்ளம் ரொம்பி இருக்குமா? எந்த ஊரு?"

சொன்னேன். அந்தியூர்க்காரர் சொன்ன மீதியையும் சொன்னேன். 2022-ல் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கக் கூடாதென்று ஐகோர்ட் உத்தரவு போட்டது. பிறகு அதை சரணாலயம், புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா அளவில் நிறுத்திக்கொண்டது. அதற்குள் 2024-ல் அந்தப் பக்கத்துக் காடே தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. காட்டுப் பட்டியில் மாடு அடைத்தவர்கள் எங்கே போவதென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அங்கேயுமா?" என்றார். "எங்க அப்பா காலத்துல ஏரிக்கரை பூரா மேய்ச்சல். இப்ப நாம நிக்கிற இந்த ஹாலு இருக்கே, இங்க அறுகு நல்லா வரும்."

நண்பன் காலடியில் கிடந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டான்.

பெரியவர் வீட்டில் ஒரே பசு பாக்கியாம். 2023-ல் அரும்பாக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கிய வீடியோவை ஊரே பார்த்ததல்லவா? அதன்பின் ரோட்டில் மாடு விட்டால் அபராதம் எகிறிவிட்டது. "ஒரு தடவை கட்டியாச்சு, இன்னொரு தடவை முடியாதுங்கிறான் பையன். அந்தப் பொண்ணை நெனச்சா, அவன் சொல்றதும் நியாயம்தான். ஞாயித்துக்கிழமை பொன்னேரிக்காரர் ஒருத்தர் வந்து ஓட்டிட்டுப் போறார்."

கொஞ்ச நேரம் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "உன் போன்ல படம் பிடிப்பியா தம்பி?"

கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கட்டியிருந்தது... சாட்சாத் அந்த நடுரோட்டுப் பசுவேதான்! போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியவர் தாடையைப் பிடித்து "காட்டுடி லட்சுமி" என்றதும்தான் பார்த்தது. ஒன்பது படம் எடுத்தேன். கறுப்பு மாடு, சாயங்கால வெளிச்சம், இரண்டுதான் தேறியது.

தகட்டில் வெள்ளை மை இல்லை என்ற விஷயத்தை ஹாலிலேயே அவரிடம் பெருமையாக அளந்திருந்தேன். தெரு முனை வரை கூடவே வந்தவர் மெதுவாகக் கேட்டார்:

"இது முழுக்கக் கறுப்பாச்சே... மை ஜாஸ்தி ஆகும்னு கூடக் காசு கேப்பாங்களா தம்பி?"