டெர்மினல் சாகலை பாஸ்!

லினக்ஸ் லேப்ல கறுப்பு ஸ்க்ரீன் திடீர்னு உறைஞ்சு நின்னா என்ன பண்ணுவீங்க? என்டரைப் படபடனு தட்டுவீங்க. ஒண்ணும் நகராது. கடுப்பாகி விண்டோவையே மூடிடுவீங்க. ப்ளீஸ், அந்தக் கொலை மட்டும் வேண்டாம்!

எங்க கிளாஸ் நண்பன் ஒருத்தன் மாடல் பிராக்டிகல்ல அதைத்தான் செஞ்சான். டெர்மினல்ல ஏதோ பழைய எடிட்டர். வேர்டு பழக்கத்துல, சேவ் பண்ண கன்ட்ரோல் எஸ் அமுக்கினான். ஸ்க்ரீன் கல்லாச்சு. மூடினான். அறுபது வரி சி புரோகிராம் அம்பேல்! (ஸ்வாப் ஃபைல்ல தேடியிருந்தா கிடைச்சிருக்கலாம். அந்த டென்ஷன்ல யாருக்குத் தோணும்?) லாஜிக் தெளிவாத் தெரிஞ்ச பையன். மிச்சமிருந்த அரை மணி நேரத்துல பாதிதான் அடிக்க முடிஞ்சது. கன்ட்ரோல் க்யூ தட்டியிருந்தா நொடியில உயிர் வந்திருக்கும்.

இதுக்குக் காரணம் ஒரு பழைய மெஷின். டெர்மினலை யுனிக்ஸ் இன்னமும் 'டிடிஒய்'னுதான் கூப்பிடுது. டெலிடைப்புங்கிறதோட சுருக்கம் அது. பெல் லேப்ஸ்ல கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ரெண்டு பேரும் யுனிக்ஸை வளர்த்தப்போ தட்டினது டெலிடைப் மாடல் 33-ல. 1963-ல் வந்த மெஷின். பேப்பர்ல நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அந்தக் காலத்து 'கொஞ்சம் நிறுத்து' சிக்னல்தான் கன்ட்ரோல் எஸ். 'ம், அனுப்பு' சொல்றது கன்ட்ரோல் க்யூ. மெஷின் மியூசியத்துக்குப் போயாச்சு, சிக்னல் மட்டும் உங்க லேப்டாப்ல உட்கார்ந்திருக்கு!

இதையெல்லாம் மாத்துற கட்டளை பேரு 'எஸ்டிடிஒய்'. பக்கத்துல இடம் விட்டு 'மைனஸ் ஐஎக்ஸ்ஆன்' சேர்த்தா உறையுற வேலையே கிடையாது. பாஷ்ஆர்சி ஃபைல்ல ஒரு வரி போட்டுட்டா நிரந்தரம். அதுவரைக்கும் ஒரு எச்சரிக்கை: உறைஞ்ச நேரத்துல கோபத்துல நீங்க தட்டின 'நல்ல வார்த்தை' எல்லாம் உள்ளே வரிசைகட்டி நிக்கும். க்யூ தட்டினதும் மொத்தமாக் கொட்டும். மேடம் பின்னாடி நிக்கிறாங்களானு பார்த்துக்கோங்க.

இன்னொரு பேய் இருக்கு. பாஸ்வேர்டு கேட்கிற புரோகிராம், நீங்க தட்டுறது தெரியாம இருக்க 'எக்கோ'வை அணைச்சு வைக்கும். நடுவுல அது க்ராஷ் ஆனா எக்கோ அணைஞ்சபடியே நின்னுடும். அப்புறம் எதைத் தட்டினாலும் ஸ்க்ரீன்ல வராது. கீபோர்டு நல்லாத்தான் இருக்கு பாஸ்! கண்ணை மூடிக்கிட்டு 'எஸ்டிடிஒய் சேன்'னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க. என்டர் மக்கர் பண்ணினா கன்ட்ரோல் ஜே. எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாத் தெரிஞ்சா, 'ரீசெட்'. விண்டோ மூலையில இருக்கிற எக்ஸ் பட்டனுக்கு அப்புறமாப் போகலாம்.