பட்டறையின் வாசல்

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்கி வருகிறது. 2009இல் போர் ஓய்ந்த மண்ணில் பொறியியற் கல்வி வேரூன்றியிருப்பது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால், பீடத்தின் வாசல் திறந்தால் மட்டும் போதுமா? பட்டறையின் வாசலும் திறக்க வேண்டாமா?

மாணவர் தாம் எண்ணியதைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் ஆக்கக்கூடங்கள் இன்று உலகப் பல்கலைக்கழகங்களிற் பெருகி வருகின்றன. எவரும் வரலாம் என்பதே அவற்றின் கொள்கை. எனினும், பூட்டில்லாத கதவும் சிலருக்குப் பூட்டியே கிடக்கிறது. நாம் கண்ட பட்டறைகள் சிலவற்றில், கடைசற்பொறியின் அருகே நிற்பவர் ஆடவர். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுபவர் பெண்கள். இதை எவரும் விதிக்கவில்லை, பழக்கமே சட்டமாகிவிட்டது. நகரப் பாடசாலையிற் பயின்றவன் துணிந்து கருவியை எடுக்கிறான். ஒட்டுசுட்டானிலிருந்து வந்தவனோ, பழுதாகிவிடுமோ, சிரிப்பார்களோ என்று கையை இழுத்துக்கொள்கிறான். போதனாமொழி ஆங்கிலமாதலால், தமிழ் மாணவனின் கேள்வியும் சிங்கள மாணவனின் கேள்வியும் நெஞ்சிலே பிறந்து நாவிலே மடிகின்றன.

மாவட்ட ஒதுக்கீடு வன்னி மாணவரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து விடுகிறது. பட்டறைக்குள் அழைத்துச் செல்வது நமது கடமை.

வன்னி மக்களுக்குக் கைத்திறன் புதிதா? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் அவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை; ஆதலாற் பட்டறையில் இடமும் இல்லை.

1968இல் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் பிறந்த வரலாற்றை நினைவுகூர்வோம். மருத்துவர் பி. கே. சேத்தியின் அறிவும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவின் திறனும் அதிலே ஒன்றுசேர்ந்தன. குந்தியிருக்கவும் வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் ஏற்ற கால் உருவாயிற்று. போரிலும் கண்ணிவெடியிலும் காலிழந்தோர் பலர் வாழும் வன்னியிலே, அத்தகைய ஒருவரைப் படிக்கட்டொன்று தடுத்து நிறுத்துமாயின், உள்ளே செய்யப்படும் பொறி யாருக்காக?

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. கருவிகள் ஆண், பெண் எல்லோர் கைக்கும் முறைப்படி வரட்டும். பாதுகாப்பு விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் ஏறட்டும். படிக்கட்டருகே சரிவுப்பாதையும், அமர்ந்து வேலை செய்ய உயரங்குறைந்த மேசையும் அமையட்டும். ஊர்க் கராஜில் உழைப்பவர் வாரம் ஒரு நாள் ஆசானாக வரட்டும். ஆசிரியரும் மாணவரும் கூடி முடிவெடுத்தால், இவற்றை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட வேண்டியதில்லை.